பத்து வாரத்தில் தீபாவளி, சீலிங்கில் ஓதம்: எதை முதலில் செய்வது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நங்கநல்லூரில் எட்டு வீடுகள் கொண்ட அடுக்ககம். 1996இல் கட்டியது. கீழ்த்தளமும் மேலே மூன்று மாடியும். உங்கள் வீடு கடைசி மாடியில். ஹால் சீலிங்கிலும் படுக்கையறையின் மேற்குச் சுவரிலும் மூன்று வருடமாக ஓதம். ஒரு மூலையில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது. பெயிண்டர், "பட்டி பார்த்து, டேம்ப் புரூஃப் அடித்து, ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டுவிடலாம், தீபாவளிக்குள் முடித்துத் தருகிறேன்" என்கிறார். அசோசியேஷனில் பாதிப் பேர், "பில்டர் வரப்போகிறார், இடிக்கப்போகும் கட்டடத்துக்கு எதற்குச் செலவு" என்கிறார்கள். மகன் மாடியில் சோலார் போடலாம் என்கிறான். எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாகப் படுகிறது: இந்த வீட்டை நம்பி இனிமேலும் பணம் போடலாமா? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் சிவில் படித்தவன். முதல் நான்கு வருடம் புதுக் கட்டடங்கள், அதன் பிறகு இருபத்து மூன்று வருடமாகப் பழைய கட்டடங்களின் பராமரிப்பு வேலைதான். பெரும்பாலும் தென்சென்னையில், உங்களுடையதைப் போன்ற மூன்று மாடி அடுக்ககங்கள். இருந்தாலும் நீங்கள் அனுப்பிய படத்தை மட்டும் பார்த்து ஒழுகல் எங்கிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஆகவே கீழே எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் உறுதியான ஒன்று. ஃபால்ஸ் சீலிங் இப்போது வேண்டவே வேண்டாம். கம்பி தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். துருப்பிடித்த இரும்பு தன் பழைய அளவைப்போல் இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை பருக்கும். கான்கிரீட்டுக்குள் அதற்கு இடம் ஏது? கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைத்துக்கொண்டுதான் வெளியே வரும். நீங்கள் பார்த்தது அதைத்தான். ஜிப்சம் பலகை போட்டு மூடினால் இந்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் தொடரும். ஒருநாள் பலகையோடு சேர்ந்து விழும்போதுதான் தெரியவரும். குழந்தைகள் படுக்கும் அறை என்றால் அந்த மூலைக்குக் கீழே இருக்கும் கட்டிலை இன்றைக்கே நகர்த்திவிடுங்கள்.

உங்கள் மாடியில் கால் வைக்கும் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும். அந்தக் காலத்து அடுக்ககம் என்றால் கான்கிரீட் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குப் போட்டிருப்பார்கள். வெதரிங் கோர்ஸ் என்பது அதுதான். பொதுப்பணித்துறைக் கணக்கில் 32 பங்கு ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு சுண்ணாம்பு, மணல் கிடையாது. போட்டுவிட்டு வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். பழைய கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டச் சொல்வார்கள். அதற்குமேல் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு பதித்து, இடுக்குகளில் சிவப்பு ஆக்சைடு கலந்த சாந்தால் பாயின்டிங். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் இது நன்றாகப் பொருந்திய முறை. வெயிலைப் பாதி தடுக்கும், தண்ணீரை வாட்டத்தில் இறக்கிவிடும். பத்தடிக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம் வாட்டம் இருந்தால் போதும்.

ஆனால் இந்தத் தளம் ஒரு பஞ்சு மாதிரியும்கூட. மேலே ஓட்டு இடுக்குகள் விட்டுப்போனால் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கித் தங்கும். கீழே கான்கிரீட்டில் எங்கே ஓர் ஓட்டை கிடைக்கிறதோ அங்கேதான் வெளிவரும். அதனால் ஹாலின் நடுவில் ஒழுகுகிறது என்பதற்காக ஹாலின் நடுவுக்கு நேர்மேலே விரிசல் இருக்கவேண்டும் என்று இல்லை. பத்தடி தள்ளி, கைப்பிடிச் சுவரின் அடியில் நுழைந்த தண்ணீராக இருக்கலாம். மழை நின்று இரண்டு நாள் கழித்தும் சொட்டிக்கொண்டே இருப்பதும் இதனால்தான்.

நான் பார்த்தவரையில் இந்த வயதுக் கட்டடங்களில் தண்ணீர் நுழையும் இடங்களில் முதலாவது கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை. செங்கல் சுவர் ஒரு விதமாகவும் கான்கிரீட் இன்னொரு விதமாகவும் வெயிலில் விரிந்து சுருங்குவதால் அந்த மூலையில் முடி அளவுக்கு ஒரு பிளவு விட்டே தீரும். இரண்டாவது, மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வாய். மூன்றாவது, யாரோ எப்போதோ டிஷ் ஆன்டெனாவுக்கும் துணி காயப்போடும் கம்பத்துக்கும் போட்ட போல்ட் துளைகள். நான்காவது, மேல்நிலைத் தொட்டியும் அதன் குழாய்களும். தளம் முழுவதும் கெட்டுப்போய் ஒழுகுவது இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான். இது என் அனுபவக் கணக்கு, உங்கள் மாடியில் வரிசை மாறியிருக்கலாம்.

ஆகவே கண்டுபிடிக்கும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். சாக்பீஸால் ஓதத்தின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மழையே இல்லாத ஒரு வாரத்திலும் கோட்டைத் தாண்டி ஓதம் வளர்ந்தால் மழையைச் சந்தேகப்படாதீர்கள், தொட்டியையும் குழாயையும் பாருங்கள். மேற்குச் சுவரில் ஓதம் எங்கிருந்து தொடங்குகிறது என்று கவனியுங்கள். சீலிங்கிலிருந்து கீழே இறங்கினால் மாடி. சுவரின் நடுவில் திட்டாகத் தெரிந்தால் வெளிப்பூச்சு விரிசல் அல்லது சுவருக்குள் ஓடும் குழாய். ஜன்னலைச் சுற்றி மட்டும் என்றால் சன்ஷேடுக்கு மேலே தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு மரச்சுத்தியலால் சீலிங்கை மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால், பொந்து சத்தம் கேட்கும் இடமெல்லாம் கான்கிரீட் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். கீழே நிற்காமல், தலைக்கு ஒரு ஹெல்மெட்டோடு செய்யவேண்டிய வேலை அது.

அடுத்தது தண்ணீர் கட்டிப் பார்ப்பது. மாடியை மூன்று, நான்கு பாத்திகளாகச் சாந்தால் வரப்பு கட்டிப் பிரித்து, ஒவ்வொரு பாத்தியிலும் ஓர் அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் விட்டுப் பார்க்கவேண்டும். முழு மாடியிலும் ஒரேயடியாகத் தண்ணீர் கட்டினால் ஒழுகும் என்று தெரியும், எங்கே என்று தெரியாது. பாத்தியாகப் பிரித்தால்தான் இடம் அகப்படும். முதலில் சுவர் மூலையைச் சேர்க்காமல் நடுப்பாத்தியில் தொடங்குங்கள். கம்பி தெரியும் மூலைக்கு மேலே மட்டும் இதைச் செய்யவேண்டாம். அந்த இடத்தைப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து, தேவைப்பட்டால் கீழே முட்டுக் கொடுத்த பிறகுதான் மேலே எதையும் ஏற்றவேண்டும்.

இந்தச் சோதனையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஓர் அடுக்ககத்தில் மாடி முழுவதும் ரசாயனப் பூச்சு அடித்து முடித்திருந்தார்கள். பணம் எல்லோரும் போட்டது. அடுத்த மழையில் அதே இடத்தில் அதே ஓதம். என்னைக் கூப்பிட்டார்கள். கடைசியில் பார்த்தால் மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும் குழாய், சுவருக்குள் ஓர் இணைப்பில் விட்டுப்போயிருந்தது. காலையில் மோட்டார் போட்டுவிட்டு மறந்துபோகும் ஒவ்வொரு நாளும் அந்தச் சுவர் தண்ணீர் குடித்தது. சரிசெய்ய ஒரு பிளம்பருக்கு அரை நாள்தான் ஆனது. அந்த வீட்டு அம்மா ஐந்து வருடமாக ஓதம் பிடித்த சுவருக்குப் பக்கத்தில் ஆஸ்துமாவோடு படுத்திருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

இனி காலத்துக்கு வருகிறேன். சென்னைக்கு வருடத்தில் ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் அக்டோபர் 20. தீபாவளியும் அதை ஒட்டியே வருகிறது. இதனால் நம் ஊரில் ஒவ்வொரு வருடமும் ஒரே கூத்துதான் நடக்கிறது. ஆடியில் யாரும் வேலையைத் தொடங்குவதில்லை. ஆவணி பிறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கொத்தனாரையும் பெயிண்டரையும் தேடுகிறார்கள். ஆள் கிடைக்காது, கூலி ஏறும். வடக்கிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் துர்கா பூஜைக்கும் தீபாவளிக்கும் ஊருக்குக் கிளம்புவார்கள். மிச்சம் இருப்பவர்கள் அவசரத்தில் ஈரச் சுவரில் பட்டி பார்த்துவிட்டுப் போவார்கள். கார்த்திகை தீபத்துக்குள் அது உரிந்து தொங்கும்.

உங்களுக்குப் பத்து வாரம் இருக்கிறது. தளத்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடும் பெரிய வேலைக்கு இது போதாது. ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பழைய தட்டோட்டைப் பெயர்த்த பிறகு ஒரு பெருமழை வந்தால் இதுவரை ஒழுகாத இடங்களிலும் ஒழுகும். நனைந்த ஜல்லியை மேலே பூச்சு போட்டு மூடினால் உள்ளே அடைபட்ட ஈரம் வெயிலில் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். அதனால் இந்த வருடம் தற்காப்பு, பொங்கல் முடிந்து தையிலிருந்து பங்குனிக்குள் பெரிய வேலை. இதுதான் நான் சொல்லும் வரிசை.

தற்காப்பு என்றால் நான்கு காரியங்கள். கைப்பிடிச் சுவர் மூலையில் விட்டுப்போன சாந்தைக் கொத்தி எடுத்துவிட்டு, முக்கோணமாகப் புதுச் சாந்து வைத்து, அதன்மேல் வலைத்துணி பதித்து நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை. குழாய் வாய்களைச் சுற்றி அதே வேலை. விட்டுப்போன ஓட்டு இடுக்குகளில் மட்டும் பாயின்டிங். தேவையில்லாத போல்ட் துளைகளை அடைப்பது. நல்ல வெயில் இருந்தால் இரண்டு கொத்தனார் ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்கள். பல கட்டடங்களில் இந்த அளவிலேயே முக்கால்வாசி ஒழுகல் நின்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். உங்களுடையதிலும் நிற்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் இதில் போட்ட பணம் வீணாகாது, பெரிய வேலை செய்யும்போதும் இந்த மூலைகளைச் சரிசெய்துதான் ஆகவேண்டும்.

தை மாதத்து வேலைக்கு இப்போதே நிறைய பேர் கொட்டேஷன் கொடுப்பார்கள். "பத்து வருட கேரண்டி" என்ற வார்த்தையை நம்பி முடிவெடுக்காதீர்கள். எத்தனை கோட் என்றும் கேட்காதீர்கள். காய்ந்த பிறகு தடிமன் எத்தனை மில்லிமீட்டர், நூறு சதுர அடிக்கு எத்தனை கிலோ பொருள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பொருளைத் தண்ணீர் கலந்து நீட்டுவதுதான் இந்தத் தொழிலில் சாதாரணமாக நடக்கும் ஏமாற்று, அதைப் பிடிக்கும் கேள்வி இதுதான். வேலை நடக்கும்போது காலி வாளிகளை எண்ணுங்கள். எந்தப் பூச்சு எத்தனை வருடம் நிற்கும் என்பது உண்மையிலேயே நிச்சயமில்லாத விஷயம். வெயில், ஆட்கள் நடமாட்டம், கீழே இருந்த ஈரம் எல்லாம் சேர்ந்து தீர்மானிப்பது. சாதாரண அக்ரிலிக் பூச்சுகள் மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் மறுபடி கேட்டதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது எங்கே பார்த்தாலும் வெள்ளை நிற கூல் டைல் போடுகிறார்கள். கடைசி மாடிக்காரருக்கு அது பெரிய ஆறுதல், சித்திரை வெயிலில் வித்தியாசம் உள்ளே தெரியும். ஆனால் பழைய தட்டோட்டை எடுக்காமல் அதன்மேலேயே பதிக்கிறேன் என்று சொன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சாந்தும் டைலும் சேர்ந்து இரண்டு அங்குலம் என்றால் நூறு சதுர அடிக்குக் கிட்டத்தட்ட ஒரு டன். சதுர மீட்டருக்கு நூறு கிலோ. ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி கணக்கில் எடுக்கச் சொல்லும் புழங்கு எடையே சதுர மீட்டருக்கு 150 கிலோதான். கம்பி துருப்பிடித்த தளத்தின் தலையில் இன்னும் ஒரு சுமையை ஏற்றுவதை நான் ஒப்பமாட்டேன். பழையதை எடுத்துவிட்டுப் போடுங்கள். அல்லது தளம் சரியானதும் சூரிய ஒளியைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு எடை கிடையாது.

துருப்பிடித்த மூலைக்கு வைத்தியம் தனி. உதிர்ந்ததை மட்டும் அப்பி மூடக்கூடாது. விட்டுப்போன கான்கிரீட் முழுவதையும் கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி எடுக்கவேண்டும். இரும்பு பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த சாந்தால் அடைக்கவேண்டும். கம்பி நன்றாக இளைத்திருந்தால் கூடுதல் கம்பி கட்டவேண்டியிருக்கும், அந்த முடிவைக் கொத்தனாரிடம் விடாதீர்கள். 1990களில் தளத்துக் கம்பிக்குக் கீழே 15 மில்லிமீட்டர் கான்கிரீட்தான் மூடாக்கு. போடும்போது அது பல இடங்களில் பத்துக்கும் குறைவாகிப் போயிருக்கும். நங்கநல்லூர் கடலை ஒட்டிய இடம் இல்லை என்பது உங்களுக்குச் சாதகம். பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் உப்புக்காற்றால் இதே வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

அடுத்தது பணம். "ஒழுகுவது உங்கள் வீட்டில், நீங்களே பாருங்கள்" என்று கீழ்வீட்டுக்காரர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் கூரையைப் பொதுப் பகுதியில்தான் வைக்கிறது, செலவும் பங்குப்படி எல்லோருடையது. ஆனால் சட்டத்தைக் காட்டித் தொடங்காதீர்கள். நவராத்திரி வருகிறது. கொலுவுக்குச் சுண்டல் வாங்க எட்டு வீட்டாரும் உங்கள் ஹாலுக்கு வருவார்கள். சாக்பீஸ் கோடுகளும் தேதிகளும் சீலிங்கில் இருக்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும். கம்பி தெரியும் மூலையை, கீழே யாரும் போய் நிற்காமல், தள்ளி நின்று காட்டுங்கள். மாடித் தளம் கெட்டால் தூண்களுக்கும் உத்திரங்களுக்கும் துரு இறங்கும், அது எட்டு வீட்டுக்கும் பொது என்று சொல்லுங்கள். நான் பார்த்த அசோசியேஷன் தகராறுகளில் கூட்ட நோட்டீஸ் ஒட்டித் தீர்ந்ததைவிட இப்படி வீட்டுக்கு வந்து பார்த்த பிறகு தீர்ந்தவைதான் அதிகம்.

அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் சேர்ந்து மாடியைச் சுத்தம் செய்துவிடுங்கள். உடைந்த கம்மோட், பழைய பூந்தொட்டி, யாருடையது என்றே தெரியாத கட்டில் சட்டம், இவைதான் தண்ணீர் வழியை மறிப்பவை. போகி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும். அதே நாளில் குழாய் வாய்களில் இருக்கும் வேப்பிலைக் குப்பையை எடுத்து, கீழே மழைநீர் சேகரிப்புத் தொட்டியையும் திறந்து பாருங்கள். 2003இல் கட்டாயமானபோது ஊரெல்லாம் போட்டோம். இருபது வருடமாக அதன் மணலையும் ஜல்லியையும் கழுவாத இடங்கள் எத்தனையோ. வண்டல் அடைத்த தொட்டியில் மாடித் தண்ணீர் இறங்க மறுத்துக் குழாயில் எதிர்த்து நிற்கும். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தது நினைவிருக்கும். அந்தத் தொட்டி வேலை செய்தால் உங்கள் போர்வெல்லுக்கும் நல்லது. பூச்சு போட்ட பிறகு மாடிக்குச் சில கட்டுப்பாடுகள் வேண்டும்: புஸ்வாணமும் சங்குசக்கரமும் தெருவில் விடட்டும், மாடியில் விட்டால் பூச்சு பொசுங்கும். வடாம் பிழிவதற்குத் தடையில்லை, ஆனால் பாய் பறக்காமல் இருக்க அம்மிக்கல்லைத் தூக்கிப் போடவேண்டாம்.

சோலாரைப் பற்றி மகன் கேட்பது நியாயமானது, வரிசைதான் தவறு. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய நூறு சதுர அடி இடம் வேண்டும், நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் கிடைக்கும். மத்திய அரசு 2024இல் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் தனி வீட்டுக்கு இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றோ அதற்கு மேலோ என்றால் மொத்தம் 78,000 ரூபாய் மானியம். அடுக்ககத்தின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000. மாடி பொது என்பதால் நீங்கள் தனியாகப் போடவும் மற்றவர்களின் சம்மதம் வேண்டும். பேனல்களைத் தாங்கும் இரும்புச் சட்டங்களின் கால்களைத் தளத்தில் துளைத்து போல்ட் போட்டால் நீர்த்தடுப்பு வேலை அத்தனையும் அந்தத் துளைகளில் போய்விடும். ஆகவே முதலில் தளம், அடுத்து கான்கிரீட் பீடங்கள், அதன்மேல் பேனல். அடுத்த சித்திரைக்குப் பிறகு பேசவேண்டிய விஷயம்.

இப்போது பில்டர். நங்கநல்லூர், மேற்கு மாம்பலம், தி. நகர், அடையாறு என்று பழைய மூன்று மாடிக் கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டுவது அதிகமாகியிருப்பது உண்மை. 2019 கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்கான எஃப்எஸ்ஐ, அதாவது மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, ஒன்றரையிலிருந்து இரண்டாக ஏறியது முக்கியமான காரணம். உங்கள் மனை இரண்டு கிரவுண்டு, அதாவது 4800 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். பழைய கணக்கில் 7200 சதுர அடி, எட்டு வீட்டுக்குத் தலா 900. புதிய கணக்கில் 9600. கூடுதல் 2400 சதுர அடி. அதை விற்ற பணத்தில்தான் பில்டர் உங்கள் எட்டு வீட்டையும் கட்டித் தந்து, தன் லாபத்தையும் எடுக்கவேண்டும். சாலை அகலத்துக்கு ஏற்றபடி பணம் கட்டிப் பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம், அப்போது கணக்கு கொஞ்சம் இளகும். உங்கள் தெரு குறுகலானது, மனை சிறியது என்றால் பில்டர் வந்து பார்ப்பார், பேசுவார், அப்புறம் ஒவ்வொருவருக்கும் இன்னும் இவ்வளவு தரவேண்டும் என்பார். அங்கேதான் பல பேச்சுகள் நின்றுபோகின்றன.

சட்டம் முன்பைவிட வழிவிட்டிருக்கிறது. 2022இல் நிறைவேறி 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். உங்கள் கட்டடத்தில் ஆறு பேர். அதன் பிறகும் ஒப்பந்தம், திட்ட அனுமதி, எல்லோரும் வாடகை வீட்டுக்குப் போவது, கட்டி முடிப்பது என்று இருக்கிறது. நான் அருகில் இருந்து பார்த்தவற்றில் முதல் பேச்சிலிருந்து சாவி கைக்கு வரும்வரை ஐந்து வருடத்துக்குக் குறைந்தது எதுவும் இல்லை. ஒப்பந்தம் எழுதும் நிலை வந்தால் வழக்கறிஞரிடம் போங்கள், அதில் என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம். "இடிக்கப்போகிறோம்" என்று ஆறு வருடம் ஒரு சாந்துச் சட்டிகூடச் செலவழிக்காமல் இருந்த ஓர் அடுக்ககம் எனக்குத் தெரியும். பில்டர் கடைசியில் வரவில்லை. பால்கனித் துண்டு ஒன்று இரவில் விழுந்தது. கீழே ஒரு ஸ்கூட்டர் நசுங்கியதோடு போயிற்று. உங்கள் அசோசியேஷனில் இன்னும் கையெழுத்தே தொடங்கவில்லை என்றால் இந்தக் கட்டடத்தில் குறைந்தது ஐந்து மழைக்காலம் இருக்கப்போகிறீர்கள் என்று வைத்துத்தான் முடிவெடுக்கவேண்டும். ஆகவே நீர்த்தடுப்பும் துரு வேலையும் கட்டாயம். இத்தாலிய மார்பிள், மாடுலர் கிச்சன், தேக்குக் கதவு போன்றவை வேண்டாம், அந்தப் பணத்தை அப்படியே வையுங்கள். பொறியாளரிடம் எழுத்தில் வாங்கும் அறிக்கை இரண்டு வழிக்கும் உதவும். பழுது பார்ப்பதற்கும் அதுதான் அடிப்படை, நாளைக்கு மறுகட்டுமானம் பேசும்போதும் முதலில் கேட்பது அதைத்தான்.

கடைசியாகத் தீபாவளிக்கு வீடு பார்க்க நன்றாக இருக்கவேண்டும் என்ற ஆசை. அதைத் தள்ளவேண்டாம். ஓதம் இல்லாத அறைகளுக்கு மட்டும் இப்போது எமல்ஷன் அடியுங்கள். எது ஓதம் இல்லாதது என்று தெரிந்துகொள்ள, ஓர் அடிச் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். எடுக்கும்போது தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் அந்தச் சுவர் பெயிண்டுக்குத் தயாராக இல்லை. ஹால் சீலிங்கில் உரிந்ததைச் சுரண்டிவிட்டு, பட்டி வைக்காமல், சுண்ணாம்பு ஒரு கை அடித்து விடுங்கள். சுண்ணாம்பு மூச்சுவிடும், ஈரம் காய்வதைத் தடுக்காது, பூஞ்சைக்கும் ஆகாது. நல்ல பெயிண்டை அடுத்த சித்திரையில் அடித்துக்கொள்ளலாம்.

பொறியாளரைக் கூப்பிடும்வரை காத்திருக்காமல் தொட்டிச் சோதனையை நாளைக்கே செய்யலாம்: இரவு மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, எல்லா வால்வையும் மூடி, மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்ததா, பாத்தியில் தண்ணீர் கட்டியபோது எந்தப் பாத்தியில் ஓதம் வளர்ந்தது, இந்த இரண்டையும் இதே இடத்தில் எழுதினால் அடுத்து எங்கே கொத்தவேண்டும் என்று என்னால் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.